கோவை இலைக்குப் பரீட்சை வைத்த கர்னல்

பரீட்சை என்றாலே நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். அரியர்ஸ் பேச்சு அடிபடாத ஹாஸ்டல் ரூம் ஒன்று உண்டா? ஆனால் செடி கொடிகளுக்கே பரீட்சை வைத்து, தயவு தாட்சண்யம் பார்க்காமல் பாஸ், ஃபெயில் போட்ட ஒரு மனிதர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. பார்மசி நண்பர்கள் இவரை இந்திய மருந்தியலின் தந்தை என்று ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பேரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

சோப்ரா பிறந்தது 1882 ஆகஸ்ட் 17ஆம் தேதி, பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில். இன்றைக்கு அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. அப்பா அரசு ஊழியர். குடும்பம் காஷ்மீருக்குப் போனதால் பள்ளிப் படிப்பு ஸ்ரீநகரில், கல்லூரிப் படிப்பு லாகூரில். 1903இல் கப்பலேறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் டௌனிங் கல்லூரி. அங்கேதான் டபிள்யூ.ஈ. டிக்சன் என்ற பேராசிரியர் கிடைத்தார். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் அளந்து காட்டுகிற புதுத்துறை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. டிக்சன் அதில் கில்லாடி. ஆட்டோ ஓட்டக் கற்றவனுக்குச் சந்து பொந்தெல்லாம் தெரிகிற மாதிரி, சோப்ராவுக்கு இந்தத் துறையின் நெளிவு சுளிவெல்லாம் அத்துபடியாயின.

1908இல் டாக்டர் பட்டம் முடித்த கையோடு இந்திய மெடிக்கல் சர்வீஸில் சேர்ந்தார். அது ராணுவத்தோடு இணைந்த வேலை. கர்னல் பட்டம் அப்படி வந்ததுதான். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய்விட்டு வந்தார். போர்க்களத்துக் கதைகள் நமக்கு வேண்டாம், விஷயத்துக்கு வருவோம்.

1921இல் கல்கத்தாவில் ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின் என்ற நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மலேரியா, காலா அசார், சீதபேதி, கொக்கிப்புழு என்று நம் வெப்ப நாட்டு மக்களை வாட்டிய நோய்களுக்காகவே ஏற்பட்ட இடம். அதன் முதல் மருந்தியல் பேராசிரியராக சோப்ரா வந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் ஒரு பெரிய வசதி. ஒரு பக்கம் வேதியியல் கூடம், அங்கே சுதாமய் கோஷ் என்ற கெட்டிக்கார வேதியியல் பேராசிரியர். நடுவில் சோப்ராவின் மருந்தியல் கூடம். பக்கத்திலேயே கார்மைக்கேல் ஆஸ்பத்திரி. செடியைப் பிரிக்க ஓர் இடம், பிரித்ததைப் பிராணிகளிடம் பார்க்க ஓர் இடம், கடைசியில் நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க ஓர் இடம். மூன்றும் ஒரே காம்பவுண்டில்!

இப்போது அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மருந்து என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு இறக்குமதி. விலை எட்டாக்கனி. அமீபா சீதபேதிக்கு எமெட்டின் ஊசி. 1912இல் அதே கல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ் அதைப் பயன்படுத்திப் பெரிய பேர் வாங்கினார். ஆனால் அந்த மருந்து தென் அமெரிக்காவில் விளையும் இபிகாக் வேரிலிருந்து வருவது. குடல் புழுவுக்கு சான்டோனின். அது ரஷ்யர்கள் கையில் இருந்த துர்க்கிஸ்தான் பக்கத்துச் செடி. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் 1921-22இல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டு, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. ஏழை பாழைக்கு அது கனவில்கூடக் கிட்டாது.

இன்னொரு பக்கம் நம் நாட்டுப் பச்சிலைகள். தெருவுக்கு ஒரு வைத்தியர், வீட்டுக்கு ஒரு பாட்டி. ஒவ்வொரு செடிக்கும் ஒன்பது வியாதி தீரும் என்ற பேச்சு. இங்கிலாந்தில் படித்து வந்தவர்களில் பலர் இதெல்லாம் சுத்த ஹம்பக் என்று ஒதுக்கினார்கள். ஊர்ப் பெருமை பேசியவர்களோ சந்தேகப்பட்டாலே பாவம் என்றார்கள். சோப்ரா இரண்டு கட்சியிலும் சேரவில்லை. நம் மண்ணில் விளைவதை வைத்தே மருந்து விஷயத்தில் நாடு சொந்தக் காலில் நிற்க வேண்டும், ஏழையின் கைக்கு எட்டும் விலையில் மருந்து வேண்டும், வைத்தியர்கள் சொல்வதில் எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் போட்டுக்கொண்ட திட்டம். சொல்வதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும் அதன் வண்டவாளம்!

சிவில் நண்பர்கள் கான்கிரீட் கியூபை 28 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு மெஷினில் வைத்து நசுக்கிப் பார்க்கிறீர்கள் அல்லவா? கலவை போட்ட மேஸ்திரி எவ்வளவு பெரிய ஆள் என்று மெஷின் கேட்பதில்லை. எவ்வளவு சுமைக்கு உடைந்தது என்பது மட்டும்தான் கணக்கு. சோப்ராவின் முறையும் அதே மாதிரிதான். முதலில் இது சரியான செடிதானா என்று தாவரவியல்படி பார்க்க வேண்டும். அப்புறம் காயவைத்துப் பொடியாக்கி, பெட்ரோலியம் ஈதர், ஈதர், குளோரோஃபார்ம், ஆல்கஹால், தண்ணீர் என்று ஒவ்வொரு கரைப்பானாக விட்டு எக்ஸ்ட்ராக்ட் எடுக்க வேண்டும். கொழுப்பு ஒன்றில் இறங்கும், ஆல்கலாய்டு ஒன்றில் இறங்கும், சர்க்கரையும் உப்பும் கடைசியில் தண்ணீரில் இறங்கும். எதில் சரக்கு இருக்கிறதோ அதைத் தவளை இதயத்திலும் பூனையின் ரத்த அழுத்தத்திலும் சோதிக்க வேண்டும். புகைக்கரி பூசிய டிரம் சுற்றச் சுற்ற, ஊசிமுனை அதில் கோடு கிழித்துக்கொண்டே போகும். பார்மசி லேபில் அந்த டிரம்மைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை பட்டால் சட்டையெல்லாம் கரி! இத்தனையும் தாண்டின பிறகுதான் ஆஸ்பத்திரி நோயாளி.

முதலில் பாஸான கதை. குடசப்பாலை மரத்தை வங்காளத்தில் குர்ச்சி என்பார்கள். அதன் பட்டை சீதபேதிக்கு நல்லது என்று ஆயுர்வேதம் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தது. ஐரோப்பியர்களும் ஒரு காலத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கைவிட்டார்கள். ஏன் கேட்கவில்லை? இங்கேதான் ஒரு கூத்து. நம் ஊர் வெட்பாலையும் பார்க்கக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பெயர்கூட மாறி மாறி வழங்கும். குடசப்பாலைப் பட்டை என்று சொல்லி வெட்பாலைப் பட்டையைக் கலந்து விற்றிருக்கிறார்கள். வெட்பாலையில் அமீபாவைக் கொல்லும் சரக்கு கிடையாது. ஆள் மாறாட்டம் பண்ணிப் பரீட்சை எழுதி ஃபெயிலான கேஸ் இது! அசல் மாணவன் பேரில் கெட்ட பெயர்.

சோப்ரா குழு சரியான பட்டையை எடுத்து 1920களில் முறைப்படி ஆராய்ந்தது. அதில் கோனெசின் முதலான ஆல்கலாய்டுகள் இருந்தன. அவை அமீபா மேல் வேலை செய்தன. எமெட்டினில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அமீபாவைக் கொல்வதோடு இதயத் தசையையும் பதம் பார்த்துவிடும். அதனால் படுக்கையில் கிடத்தி, நாளை எண்ணி எண்ணித்தான் போட வேண்டும். குர்ச்சியில் அந்தப் பயம் குறைவு. ஆனால் ஊசியாகப் போட்டால் போட்ட இடம் வலித்தது, சதையும் கெட்டது. இதை மூடி மறைக்காமல் சொல்லிவிட்டு, வாய் வழியாகக் கொடுக்கும் வழியைத் தேடினார்கள். குர்ச்சி ஆல்கலாய்டுகளை பிஸ்மத் அயோடைடுடன் சேர்த்து, நாட்பட்ட சீதபேதிக்காரர்களுக்குக் கொடுக்கும் மருந்து வந்தது. 1960களில் மெட்ரானிடசோல் வந்த பிறகு குர்ச்சி ஒதுங்கிவிட்டது என்பது வேறு கதை. அதுவரை நம் காட்டு மரம் ஒன்று ஆஸ்பத்திரி மருந்தாக நின்றதே, அது சாதாரண விஷயமா?

புழு விஷயத்திலும் இப்படித்தான். ஏஸா சாண்ட்லர் என்ற அமெரிக்க ஒட்டுண்ணி நிபுணர் கொக்கிப்புழு ஆராய்ச்சிக்காகக் கல்கத்தாவில் இருந்தார். அவரோடு சேர்ந்து பூச்சி மருந்துகளைப் பற்றி 1928இல் சோப்ரா ஒரு தனிப் புத்தகமே எழுதினார். காஷ்மீர் மலைகளில் விளையும் ஆர்டிமீசியா செடியில் சான்டோனின் இருப்பதை ஆராய்ந்து, ரஷ்யச் சரக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை என்று காட்டியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நாக்குப்பூச்சிக்கு அன்றைக்கு அதுதான் ராஜ மருந்து. கொஞ்சம் கூடிப்போனால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்! அதே ஆர்டிமீசியா குடும்பத்தில் இன்னொரு செடியிலிருந்து 1972இல் சீனாவில் ஆர்டிமிசினின் கிடைத்து, மலேரியாவுக்கு மருந்தானது.

மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் என்ற மஞ்சள் ஆல்கலாய்டையும் அவர் குழு விடவில்லை. அது தோலில் வரும் லீஷ்மேனியா புண்ணுக்கு ஊசியாகப் போடப்பட்டு வந்த சரக்கு. உடம்புக்குள் அது என்னென்ன செய்கிறது என்று விரிவாக ஆராய்ந்து 1932இல் வெளியிட்டார்கள். காலா அசாரைக் கண்டுபிடிக்க ரத்தச் சீரத்தில் ஆன்டிமனிக் கரைசலை விட்டுப் பார்க்கும் சோப்ரா டெஸ்ட் என்பதும் ரொம்ப நாள் புழக்கத்தில் இருந்தது. மைக்ராஸ்கோப் இல்லாத கிராமத்து டாக்டருக்கும் அது கைகொடுத்தது.

சரி, ஃபெயிலான கதைக்கு வருவோம். எனக்கு சோப்ரா பெரிய மனிதராகத் தெரிவது இந்த இடத்தில்தான்.

கோவைக்கொடி நமக்குத் தெரியாததா? வேலியெல்லாம் படர்ந்து, சிவப்புப் பழம் தொங்கும். வங்காளத்தில் அதன் பெயர் தெலாகுச்சா. அங்கே அது சர்க்கரை வியாதிக்குக் கைகண்ட மருந்து என்று பேர். இந்திய இன்சுலின் என்றே அதைச் சொன்னவர்கள் உண்டு. அசல் இன்சுலின் வாங்க முடியாத ஏழைகள் நிறைந்த நாட்டில், வேலியில் சும்மா கிடைக்கும் கொடி அதே வேலையைச் செய்தால் எப்படி இருக்கும்! சோப்ராவின் திட்டத்துக்கே அது மகுடம் வைத்த மாதிரி ஆகியிருக்கும். அவர் மனசிலும் அந்த ஆசை இல்லாமலா இருந்திருக்கும்?

சோதித்தார். சாற்றில் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதியும், ஆல்கலாய்டு துளியளவும் தென்பட்டன. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை குறையவில்லை. 1925இல் அப்படியே எழுதிவிட்டார். 1928இல் அடுத்த பரீட்சை, சிறுகுறிஞ்சானுக்கு. மென்றால் நாக்கில் இனிப்பே தெரியாமல் போகும் இலை. சர்க்கரையை வாயில் போட்டால் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கும். இதன் சத்தைப் பிரித்து ஜிம்னெமிக் அமிலம் என்று 1887இல் பெயர் கொடுத்த டேவிட் ஹூப்பர், நம் ஊட்டியில் அரசாங்கக் குயினாலஜிஸ்டாக வேலை பார்த்தவர். நாக்கில் இனிப்பை மறைக்கும் இலை உடம்பிலும் சர்க்கரையைக் கரைக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். சோப்ரா குழு இலைப்பொடியைக் கொடுத்துப் பார்த்தது. மறுபடியும் அதே ரிசல்ட். பலன் இல்லை.

வேடிக்கை பாருங்கள். 1930இல் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த மாஸ்கரும் பாதிரியார் கேயஸும் அதே சிறுகுறிஞ்சானைப் பிராணிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை குறைகிறது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். சோப்ரா சொன்னதற்கு நேர் எதிர்! அதே ஆண்டு அரசாங்கம் மருந்துகளைப் பற்றி விசாரிக்கக் கமிட்டி போட்டபோது, தலைவர் சோப்ரா, உறுப்பினர்களில் ஒருவர் இதே கேயஸ். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நாட்டுக்காக வேலை செய்தார்கள்.

அப்படியானால் யார் சொன்னது சரி? இன்றைக்குப் பார்த்தால் விடை கொஞ்சம் சிக்கலானது. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிறுகுறிஞ்சான் எக்ஸ்ட்ராக்டை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம், வழக்கமான மருந்தோடு சேர்த்து, வயது வந்தபின் சர்க்கரை வியாதி வந்த 22 பேருக்கு 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, 5 பேர் வழக்கமான மாத்திரையையே நிறுத்த முடிந்தது என்று வெளியிட்டார்கள். கோவை இலைக்கு 2008இல் பெங்களூரில் மறு பரீட்சை. புதிதாக வியாதி தெரிந்த, மாத்திரை தேவைப்படாத 60 பேரை எடுத்து, யாருக்கு இலை, யாருக்கு டம்மி என்று தெரியாதபடி பிரித்து, ஆல்கஹாலில் இறக்கிய எக்ஸ்ட்ராக்டை நாளுக்கு 1 கிராம் வீதம் 90 நாள் கொடுத்தார்கள். இலை சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 சதவீதமும் சாப்பாட்டுக்குப் பின் பார்த்த சர்க்கரை 18 சதவீதமும் இறங்கின.

அப்படியானால் சோப்ரா கோட்டை விட்டுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. சாறு வேறு, ஆல்கஹால் எக்ஸ்ட்ராக்ட் வேறு. ஒன்றில் இறங்கும் சத்து இன்னொன்றில் இறங்காது. இன்சுலினே சுரக்காதவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதியும், சுரந்தும் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு வருவதும் தனித்தனி என்று ஹிம்ஸ்வொர்த் பிரித்துக் காட்டியதே 1936இல்தான். 1925இல் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். கணையமே ஓய்ந்து போனவருக்கு எந்த இலையைக் கொடுத்தும் அதைத் தட்டி எழுப்ப முடியாது. அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வி, இது இன்சுலினுக்கு மாற்றா என்பது. இல்லை என்றார் சோப்ரா. அந்த விடை இன்றைக்கும் மாறவில்லை. பெங்களூரில் கிடைத்தது லேசான வியாதிக்கு ஒரு துணை, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் பெரியவர்கள் போடும் ஊசியை நிறுத்திவிட்டுக் கோவைக்காய்ப் பொரியல் பண்ணிப் போட்டுவிடாதீர்கள் நண்பர்களே!

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவர் ஊர்ப் பெருமைக்காக ஆமாம் போட்டிருந்தால், எத்தனை ஏழைகள் இன்சுலினை விட்டுவிட்டுக் கொடியை நம்பிப் போயிருப்பார்கள்? அதில் குழந்தைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மேலே சொன்ன 1930ஆம் ஆண்டுக் கமிட்டிக்குப் பின்னாலும் ஓர் ஏழையின் கதைதான். கலப்பட குயினின் நாடெங்கும் விற்றது. காய்ச்சலில் கிடப்பவன் காசு கொடுத்து வாங்கியது வெறும் மாவு! 1927இல் மேல்சபையில் இந்தப் பிரச்சினை எழுந்தது. சோப்ரா கமிட்டி நாடெல்லாம் விசாரித்து 1931இல் அறிக்கை கொடுத்தது. மருந்துகளின் தரத்துக்குச் சட்டம் வேண்டும், சோதனைக் கூடங்கள் வேண்டும், மருந்து கலந்து கொடுப்பவருக்கு முறையான படிப்பும் பதிவும் வேண்டும் என்றது. நம் அரசாங்க வேகம் தெரியுமே! 1940இல் மருந்துச் சட்டமும் 1948இல் பார்மசிச் சட்டமும் வந்தன. டி.பார்ம் என்று இன்று நம் நண்பர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்களே, அந்தப் படிப்புக்கு வேர் அந்த அறிக்கையில் இருக்கிறது.

1933இல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. இண்டிஜினஸ் டிரக்ஸ் ஆஃப் இந்தியா. பாஸான செடி, ஃபெயிலான செடி எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டு சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பற்றியும் அவர் குழு எழுதியது. பின்னால் அது உலகப் புகழ் பெற்று, 1952இல் ரெசர்பின் வரை போனது.

1941இல் சர் பட்டம் கிடைத்தது. கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஆண்டுதான். ஓய்வாவது ஒன்றாவது! நேராகக் காஷ்மீருக்குப் போய், ஜம்முவில் மருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை எழுப்பினார். 1946இல் இந்திய மருந்துப் பட்டியலைத் தொகுத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். அதே ஆண்டு, நாட்டு வைத்திய முறைகளை என்ன செய்யலாம் என்று ஆராய அமைத்த கமிட்டிக்கும் அவரையே தலைவராகப் போட்டார்கள். 1948இல் அவர் கொடுத்த யோசனை, இங்கிலீஷ் வைத்தியமும் நாட்டு வைத்தியமும் சண்டை போடாமல் ஒன்றாகக் கலந்து ஒரே படிப்பாக வேண்டும் என்பது. அது முழுசாக நடைமுறைக்கு வரவில்லை. இன்றைக்கும் அந்தப் பஞ்சாயத்து தீர்ந்தபாடில்லை.

1956இல், எழுபதைத் தாண்டிய வயதில், இந்திய மூலிகைகளின் அகராதி ஒன்றைச் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்டார். செடியின் பெயர், பல மொழிப் பெயர்கள், பயன், உள்ளிருக்கும் சரக்கு என்று வரிவரியாக இருக்கும். லைப்ரரியில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

1973 ஜூன் 13ஆம் தேதி ஸ்ரீநகரில் காலமானார். வயது தொண்ணூறு. 1983இல் தபால் துறை அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது. ஜம்முவில் அவர் எழுப்பிய கூடம் 1957இல் சி.எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்து மண்டல ஆராய்ச்சிக் கூடமானது. 2007இல் அதற்கு இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் என்று பெயர் மாறியது. செடிகளுக்குப் பரீட்சை வைப்பதுதான் அங்கே இன்றும் வேலை.